வானேறி வாணம் பார்க்கும் சீமான்கள்

கையிலே பணம் மிகுந்து பொழுது போகாத மனிதனுக்குப் புதிது புதிதாக ஆசைகள் முளைப்பது உலக வழக்கம். அவ்வாசைகளுள் ஒன்று இப்பொழுது உலகின் பெருநகரங்களில் விலைப்பொருளாகிவிட்டது. இரவு வேளையில் ஹெலிகொப்டர் ஒன்றைத் தனி வாடகைக்கு அமர்த்தி, மனைவி மக்களுடனோ நண்பர்களுடனோ மேலே எழும்பி, தரையிலிருந்து கொளுத்திவிடப்படும் வாணங்கள் தம் காலடியில் விரிந்து உதிர்வதைக் கண்டு களிப்பதே அது. அமெரிக்கர் தம் சுதந்திர தினமாகிய ஜூலை 4ஆம் நாளிரவில் இக்களியாட்டத்தில் ஈடுபடுகின்றனர். 1733இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் டோக்கியோ சுமிதா ஆற்றங்கரை வாணவேடிக்கையையும் இன்று ஹெலிகொப்டரில் ஏறிப் பார்க்கச் சீட்டு விற்கின்றார்கள்.

அமெரிக்கனும் ஜப்பானியனும் என்னவோ செய்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று வாளாவிருக்க இயலவில்லை. வெளிநாட்டில் எது விலை போகின்றதோ அதனை இருபது ஆண்டு கழித்தேனும் மலையகத்துக்குக் கொண்டுவந்து இறக்குவது நம் நாட்டு உல்லாசப் பிரயாண வியாபாரிகளின் நெடுநாளைய பழக்கம். துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாயின. காசல்ரீ நீர்த்தேக்கத்திலே நீர்விமானம் வந்திறங்கிற்று. ஹெலிகொப்டர் தனி வாடகைக்குக் கிடைக்கும் நாடாகவும் இலங்கை ஆகிவிட்டது. ஏப்பிரல் மாதத்து நுவரெலியா வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு இனி வேண்டியது இந்த இரவுச் சவாரி ஒன்றே என்று கூறும் அன்பர்கள் நம்மவருள்ளும் இருக்கின்றார்கள். பொல்பிட்டியவின் வானத்தில் அத்தகைய சவாரி நடந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. வந்தபின் கூக்குரலிடுவதிலும் வருமுன் பேசிவிடுவது மேல் என்பதனாலேயே எழுதுகின்றோம்.

முதலில் அந்த இன்பந்தான் யாதென்று பார்ப்போம். குண்டு வாணம் ஒன்று உயரே சென்று வெடிக்கும்பொழுது, அதனுள்ளே அடுக்கி வைக்கப்பட்ட மருந்துருண்டைகள் நாலாபக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்துடன் சிதறுகின்றன. ஆகவே வானில் தோன்றுவது ஓர் ஒளியுருண்டை. உருண்டையைக் கீழிருந்து பார்த்தாலும் வட்டம். பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டம். மேலிருந்து பார்த்தாலும் அதே வட்டம். தீபாவளியன்று லயத்து இஸ்தோப்பிலே குந்தியிருந்து தோட்டத்துப் பிள்ளை காசில்லாமற் காண்பது எதுவோ, அதையேதான் சீமானும் அத்தனை பணத்தைக் கொட்டி மேலேறிக் காண்கின்றான். ஒரு வேற்றுமை உண்டு. பிள்ளைக்கு வாணத்தின் ஓசையும் கேட்கும். அதன் அதிர்வு நெஞ்சில் வந்து மோதும். சீமானுக்கோ விசிறியின் இரைச்சலையும் காதுக் கவசத்தையும் தாண்டி ஒன்றும் கேளாது. பாதி வாணத்தை முழு விலைக்கும் மேலான விலை கொடுத்து வாங்குகின்றான். மேலிருந்து பார்த்தே தீரவேண்டும் என்ற வேட்கை உடையோர்க்கும் வழியில்லாமற் போகவில்லை. 2014ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் ஆளில்லாத சிறுவிமானமொன்றில் கமராவைப் பொருத்தி, வாணங்களின் நடுவே பறக்கவிட்டுப் படம் பிடித்துவிட்டார். உலகமே அதனை வீட்டிலிருந்து பார்த்தது.

இவ்வளவுடன் நின்றால் இது சிரித்துவிட்டுப் போகவேண்டிய செய்தி. ஆனால் இடம் பொல்பிட்டிய ஆகும்பொழுது சிரிப்பு நின்றுவிடுகின்றது.

பொல்பிட்டியவை அறியாத வாசகர்க்கு இரண்டு வார்த்தை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்று கூடிக் களனி கங்கை என்ற பெயரைப் பெறுவது இவ்விடத்தில்தான். 1969இல் 75 மெகாவாற்றுத் திறனுடன் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் இங்கே உள்ளது. அதற்கு மேலே பழைய லக்ஸபான, புதிய லக்ஸபான, விமலசுரேந்திர, கென்யன் என்று மலையை அடுக்கடுக்காகக் குடைந்து வைத்த மின் நிலையங்கள். இவை ஈன்ற மின்சாரத்தைக் கொழும்புக்கும் பிற பகுதிகளுக்கும் சுமந்து செல்லும் உயர் அழுத்தக் கம்பிகள் இப்பள்ளத்தாக்கிலே ஒரு மலைமுகட்டிலிருந்து மறு மலைமுகட்டுக்குத் தாவித் தாவிச் செல்கின்றன. ஹெலிகொப்டருக்குக் கம்பியைப் போன்ற பகைவன் வேறில்லை. பட்டப்பகலிலேயே அது விமானியின் கண்ணிற் படுவது அரிது. கோபுரத்தைக் கண்டு, இதற்கும் அதற்கும் நடுவே கம்பி இருக்கவேண்டும் என்று ஊகித்தே விலகுகின்றார்கள். இரவிலே எதைக் கண்டு எதை ஊகிப்பது?

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கினிகத்தேனை, வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிகுதியாக மழை பொழியும் பகுதிகளுள் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை அண்டிய மழை. மாலையிலே பள்ளத்திலிருந்து எழும் முகில் எந்த வேளையில் எந்த மலையை மூடும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணே முழுமையாகச் சொல்லமாட்டாள். கொழும்பிலிருந்து வரும் விமானியா சொல்லப்போகின்றான்?

இன்னொன்று. மனிதக் கண் இருட்டுக்குப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். பளிச்சென்ற ஒளி பட்டால் அப்பழக்கம் ஒரு கணத்திலே குலைந்துபோகும். இதனை எந்த மருத்துவரும் சொல்வார். மலைகளுக்கிடையே இருளிற் பறக்கும் விமானிக்குத் தேவையானது எதுவோ, அதனை அழிப்பதற்கென்றே அமைந்த காட்சி வாணவேடிக்கை. பிரயாணி எதைப் பார்க்கப் பணம் கொடுக்கின்றானோ அதுவே விமானியின் கண்ணைப் பறிக்கின்றது. வேறெந்த உல்லாசப் பறப்பிலும் இத்தகைய முரண் இருப்பதாக நாம் அறியோம்.

மிகைப்படுத்துகின்றோம் என்று நினைப்போர் 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜெத்தாவுக்குச் செல்ல வந்த மாட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், மஸ்கெலியாப் பகுதியிலே ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182 பேர், விமானப் பணியாளர் 9 பேர், ஆக 191 உயிர்கள். ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இன்றுவரை இதைவிடக் கொடியது இல்லை. விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தொலைவில் இருக்கின்றோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை கூறிற்று. தேர்ந்த விமானிகள், நான்கு இயந்திரங்கள் பூட்டிய பெரிய விமானம், கருவிகளுக்கும் குறைவில்லை. இருளிலே நம் மலை அவர்களுக்குத் தெரியவில்லை.

நமக்கு உறவான இன்னொரு தேயிலை மலையையும் பாருங்கள். 1964ஆம் ஆண்டுச் சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் உற்றார் பல்லாயிரவர் கப்பலேறிப் போய்க் குடியேறிய நீலகிரியிலே, குன்னூரை அடுத்து, 2021 டிசெம்பர் 8ஆம் நாள் நண்பகலில் இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகொப்டர் வீழ்ந்தது. 14 பேர் மாண்டனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராது மாறிய வானிலையில் ஹெலிகொப்டர் முகிலுக்குள் நுழைந்ததால் விமானி திசை மயங்கினார் என்று படைத்துறை விசாரணை முடிவு செய்தது. ஒரு பெருநாட்டின் உயர்ந்த தளபதியைச் சுமந்து செல்லப் பொறுக்கியெடுத்த விமானிக்குப் பகலில் நேர்ந்தது அது.

அவர்கள் யாத்திரைக்கும் கடமைக்கும் சென்றவர்கள். விளையாட்டாகச் சென்றோரின் கதையும் உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள் அந்தி வேளையில் நியூயோர்க் நகரின் விளக்கொளியைப் படம் பிடிப்பதற்காகக் கதவு கழற்றிய ஹெலிகொப்டரில் ஐவர் ஏறினர். விழாமலிருக்க அவர்களுடலில் வார்கள் பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவருடைய வார் எரிபொருளை அடைக்கும் நெம்புகோலிற் சிக்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டது. ஹெலிகொப்டர் ஆற்றில் இறங்கிக் கவிழ்ந்தது. விமானி மீண்டான், பிரயாணிகள் ஐவரும் தம்மைக் காக்கக் கட்டிய வாரை அவிழ்க்கமாட்டாமல் நீரில் மூழ்கி இறந்தனர். அதன் பின்னரே அந்நாட்டு அதிகாரிகள், விரைவில் அவிழ்க்க முடியாத வார்களைக் கட்டிக் கதவின்றிப் பறப்பதைத் தடை செய்தனர். சட்டம் பிணத்தின் பின்னால் நடந்துவரும் என்பது அமெரிக்காவிலும் உண்மையே.

பெரிய மனிதர்கள் இப்பள்ளத்தாக்குக்கு வெடி பார்க்க வருவது புதிதன்று என்பதையும் இடையிலே சொல்லிவைப்போம். பொல்பிட்டியவுக்குச் சற்றுக் கீழே கித்துள்கலையில் டேவிட் லீன் என்னும் ஆங்கில இயக்குநர் 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக மரப்பாலம் ஒன்றைக் கட்டி, 1957 மார்ச்சில் அதனை ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார். அதைக் காணப் பிரதமர் பண்டாரநாயக்காவும் பரிவாரங்களும் வந்து அமர்ந்திருந்தனர். முதல் நாள் கமராக்காரர் ஒருவர் வெடிக்கும் இடத்திலிருந்து விலகாததனால் வெடி நிறுத்தப்பட்டது. மறுநாளே பாலம் தகர்ந்தது. ஓர் ஆளின் உயிருக்காக ஒரு நாட் படப்பிடிப்பையே நிறுத்தி வைத்த அந்த விவேகம் நம் காலத்து வியாபாரிகளுக்கும் இருக்குமானால் நாம் இதனை எழுதவேண்டிய தேவை இல்லை.

சவாரி செய்வோர் தம் உயிரைப் பணயம் வைத்தால் அது அவர் விருப்பம் என்று ஒரு வாதம் உண்டு. கீழே இருப்பவர் யார்? இந்த மலைகளிலே ஹெலிகொப்டர் எங்கே வீழ்ந்தாலும் ஒரு தேயிலை மலையிலோ ஒரு லயத்துக் கூரையிலோதான் வீழும். சீமான் தன்னுயிருக்குக் காப்புறுதி எழுதியிருப்பான். கூரைக்குக் கீழே உறங்குபவனுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? வீழாமலே போனாலும் என்ன? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு அந்த இரவுத் தூக்கம் ஒன்றே சொத்து. அதற்கு மேலே விசிறியைச் சுழற்றும் உரிமையை எந்தச் சந்தையில் வாங்கினார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்த நாட்களுக்குப் பின்னர், இரவிலே ஓர் இரைச்சல் கேட்டால் மண்சரிவோ என்று பிள்ளைகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும் மக்கள் அவர்கள். அவர்களுடைய தலைக்கு மேலே வேடிக்கையா?

ஒளியைப் பற்றிப் பேச வந்ததனால் இதனையும் பேசத்தான் வேண்டும். லக்ஸபானவில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். 1950இல் முதல் மின் நிலையம் ஓடிற்று. காசல்ரீ அணையும் மவுசாகலை அணையும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரே நீருக்குள் மூழ்கிற்று. நீர் வற்றும் காலத்தில் அங்கே பழைய கோயில் இன்றும் தலை காட்டுகின்றது. மூழ்கிய வயலும் வீடும் கோயிலும் இங்கே, வெளிச்சம் கொழும்பிலே. கம்பி தன் லயத்துக்கு மேலாகவே சென்றுகொண்டிருக்க, அதன் கீழே குப்பி லாம்பின் புகையிலே பாடம் படித்த தலைமுறைகள் மலையகத்தில் உண்டு. அந்தப் பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் இருந்து இப்பத்திரிகையை வாசிக்கின்றார்கள். குப்பி லாம்பின் புகை மூக்கை விட்டு அகலாதவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்நியச் செலாவணி வருமே என்பார்கள். வரட்டும், எவ்வளவு தங்கும்? ஹெலிகொப்டர் வெளிநாட்டுப் பொருள். உதிரிப்பாகம் வெளிநாட்டுப் பொருள். சுழலி இயந்திரம் பூட்டிய ஹெலிகொப்டர் குடிப்பதோ மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருள். அதுவும் கப்பலில் வருவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலாகத் தாவியதை நுவரெலியா மரக்கறித் தோட்டக்காரரும் வடக்கின் வெங்காயச் செய்கையாளரும் மறந்திருக்க மாட்டார்கள்; நீரிறைக்கும் இயந்திரத்தை மூலையில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தவர்கள் அவர்கள். அன்று வானத்திலே வாணம் எதுவும் தெரியவில்லை.

உள்ளூராருக்கு வேலை கிடைக்கும் என்பார்கள். விமானி ஒருவன், பொறியாளன் ஒருவன், சீட்டு எழுதுபவன் ஒருவன். தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது வாசற்காவல். நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து, அரசு தரும் 200 ரூபா வரவு ஊக்கத் தொகையையும் கூட்டி, 1750 ரூபாவாக்குவதற்கு 2025 நவம்பரின் வரவு செலவுத் திட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. மாதத்தில் 25 நாளும் தவறாது மலைக்குப் போனாலும் அது 43,750 ரூபா. ஹெலிகொப்டரின் ஒரு மணி நேர வாடகையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகரிடமே விட்டுவிடுகின்றோம்.

ஹெலிகொப்டரை நாம் பகைக்கின்றோம் என்று எவரும் எண்ணவேண்டாம். டித்வாவின்போது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டு, மலைப்பாதைகள் துண்டு துண்டாகிக் கிடந்த வேளையில் வானத்திலிருந்து வந்த உதவியே பலரைக் காத்தது. இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் கொத்மலை முதலிய இடங்களிலே சிக்குண்டோரைத் தூக்கிச் சென்றன. நம் விமானப்படையின் ஹெலிகொப்டர் ஒன்று நிவாரணப் பணியின்போது நவம்பர் 30ஆம் நாள் லுணுவிலையில் வீழ்ந்து, அதன் விமானி உயிர் துறந்தார். மக்களைக் காப்பாற்றப் பறந்து அவர் மாண்டார். அந்த இயந்திரத்துக்கு உரிய வேலை அது. பகலில், தெளிந்த வானில், உரிய பாதையில் ஓர் உல்லாசப் பிரயாணி பறந்து போவதற்கும் நாம் குறுக்கே நிற்கவில்லை. இரவில், மலைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே, கண்ணைக் கூசவைக்கும் வெடிகளுக்கு மேலே, கேளிக்கைக்காகப் பறப்பதையே எதிர்க்கின்றோம்.

நீலகிரி இதில் நமக்கு ஒரு முன்மாதிரி. 2023இல் உதகை கோடை விழாவையொட்டி ஹெலிகொப்டர்ச் சவாரி நடத்த ஏற்பாடாயிற்று. அது பகற் சவாரிதான். காட்டுக்கும் அங்குள்ள உயிர்களுக்கும் தீங்கு என்று பொதுநல வழக்குத் தொடுக்கப்பட, சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்குத் தொடுக்க அங்கே ஒருவர் இருந்தார். இங்கே கொழும்பிலும் கண்டியிலும் ஹற்றனிலும் நம் வழக்கறிஞர்கள் எத்தனை பேர்!

நம்மவரை நோக்கியும் ஒரு சொல். வானிலிருந்து செய்யும் ஆடம்பரம் வெளிநாட்டானுடைய நோய் மட்டும் அன்று. 2023 ஜனவரியில் பழனிக் குடமுழுக்கிலே ஹெலிகொப்டரிலிருந்து மலர் தூவினார்கள். கண்டு மெய்சிலிர்த்தோரில் நம்மவரும் உண்டு. முருகனுக்குப் பூ இடப் படியேறிச் செல்வதே நம் பாட்டன்மார் கண்ட வழி. நமக்குப் பிடித்தமான கூட்டம் பறந்தால் பக்தி, பிறர் பறந்தால் படாடோபம் என்று பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பிராது.

நாம் கேட்பது மிகுதியன்று. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் கையிலிருக்கின்றது. அதனைச் செயற்படுத்தும் அதிகார சபையும் இருக்கின்றது. களனியின் தலைநீர்ப் பள்ளத்தாக்குகளிலே சூரியன் மறைந்தபின் உல்லாசப் பறப்புக்கு அனுமதி இல்லை என்று எழுத்திலே விதிக்கட்டும். நோயாளியை ஏற்றவரும் ஹெலிகொப்டருக்கும் மீட்புக்கு வரும் ஹெலிகொப்டருக்கும் அவ்விதி பொருந்தாது என்றும் எழுதட்டும். விடுதி முதலாளிகள் அடுத்த வசந்த காலத்துக்குமுன் இதனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடட்டும். வானத்துக்கென்று செலவிட அவர்களிடம் பணம் மிஞ்சியிருந்தால், நோட்டன் பிரிட்ஜிலிருந்து பொல்பிட்டிய வரையுள்ள தோட்டங்களின் விளையாட்டுத் திடல்களுள் இரண்டையோ மூன்றையோ சமப்படுத்தி, சுற்றியுள்ள மரக்கிளைகளை வெட்டி, அருகே செல்லும் கம்பிகளுக்குச் செந்நிற உருண்டைகள் கட்டிக் கொடுக்கலாம். அடுத்த மழையில் பாதை சரிந்தால் மீட்புக்கு வருகின்ற ஹெலிகொப்டர் இறங்குவதற்கு இடம் வேண்டும்.